வோக்ஸ்வாகன் பீட்டில் பொறியைக் கழற்றி மாட்டுதல்

வோக்ஸ்வாகன் பீட்டில் பொறியைக் கழற்றி மாட்டுதல் என்பது செருமனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் உருவாக்கிய பீட்டில் என்னும் தானுந்தின் பொறியை, பழுது பார்ப்பதற்காகவோ வேறொன்றை வைப்பதற்காகவோ வண்டியிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் பொருத்தும் வேலையைக் குறிக்கும். பெரும்பாலான தானுந்துகளில் இவ்வேலைக்குப் பட்டறையும் பாரந்தூக்கியும் தேவைப்படும். பீட்டில் வண்டியிலோ பொறியானது நான்கே திருகாணி இணைப்புகளில் நிற்கிறது. ஆகவே உரிமையாளர்கள் இதனைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்து வந்துள்ளனர். பொறியை இறக்குவது எளிது. சரியாகத் திரும்ப ஏற்றுவதே கடினம். இவ்வேலையில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை மாட்டும்பொழுது ஏற்படுபவையே.

இக்கட்டுரை 1938 முதல் 2003 வரை உருவாக்கப்பட்ட, பொறி பின்புறம் அமைந்த மூலப் பீட்டில் வண்டியைப் பற்றியது. 1990களின் இறுதியில் வெளிவந்த நியூ பீட்டில், தோற்றத்தில் ஒத்திருந்தாலும் பொறி முன்புறம் அமைந்து நீரால் குளிர்விக்கப்படும் வேறொரு வண்டியாகும். அதற்கு இங்குக் கூறப்படும் முறை பொருந்தாது.

பின்னணி

பீட்டில் வண்டி பெர்டினாண்ட் போர்சே தலைமையிலான குழுவால் 1930களில் வடிவமைக்கப்பட்டது. அதன் பொறியின் அடிப்படை வடிவத்தை அக்குழுவைச் சேர்ந்த பிரான்சு சேவியர் ரைம்சுபீசு வரைந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பிரித்தானியப் படையின் மேற்பார்வையில் 1945 திசம்பரில் தொடர் உற்பத்தி தொடங்கியது. 1972 பெப்ரவரி 17 அன்று 15,007,034 ஆவது வண்டி வெளிவந்தபொழுது, போர்ட் மாடல் டி வைத்திருந்த உற்பத்திச் சாதனையைப் பீட்டில் கடந்தது. 2003 சூலை 30 அன்று மெக்சிக்கோவின் புவெப்லா ஆலையில் இறுதி வண்டி உருவானது. மொத்த எண்ணிக்கை 21,529,464.

இவ்வண்டியின் பொறியைப் பழுது பார்ப்பதை விட மாற்றிவிடுவதே விரைவானது என்பதை நிறுவனமே முதலில் உணர்ந்திருந்தது. பழைய பொறிகளைப் புதுப்பித்து மாற்றுப் பொறிகளாக அனுப்பும் வேலைக்காகவே காசல் நகருக்கு அருகில் 1958இல் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. விற்பனை நிலையத்துக்கு வரும் வண்டியின் தேய்ந்த பொறியை இறக்கிவிட்டு, புதுப்பிக்கப்பட்ட ஒன்றை ஏற்றி, அன்றே உரிமையாளரிடம் ஒப்படைக்க இயன்றது.

அமெரிக்காவில் இவ்வேலை பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்ததில் ஒரு நூலுக்குப் பெரும் பங்குண்டு. வானூர்தித் துறையில் பொறியாளராக இருந்து அதனை விட்டு விலகிய சான் மியூர் என்பவர், "ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வாகன் அலைவ்" என்னும் கையேட்டை 1969இல் வெளியிட்டார். பீட்டர் ஆச்வாண்டன் அதற்குப் படங்கள் வரைந்தார். இயந்திரம் பற்றி ஏதும் அறியாத ஒருவரை மனத்தில் கொண்டு, எந்த ஸ்பானரை எடுப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்ற அளவுக்கு எழுதப்பட்ட அந்நூல், தொழில்நுட்பக் கையேடுகள் எழுதும் முறையையே மாற்றியது எனலாம். மியூர் 1977இல் மறைந்தார். நூல் பின்னரும் பல பதிப்புகள் கண்டது.

பொறியின் அமைப்பு

பீட்டில் பொறி நான்கு உருளைகளைக் கொண்டது. உருளைகள் இருபுறமும் இரண்டிரண்டாகப் படுக்கை வாட்டில் எதிரெதிராக அமைந்துள்ளன. எனவே பொறி உயரம் குறைந்தும் அகலம் மிகுந்தும் காணப்படும். தொடக்கத்தில் 985 கன செ.மீ. ஆக இருந்த கொள்ளளவு, பின்னர் 1131, 1192, 1285, 1493 எனப் படிப்படியாக உயர்ந்து 1584 கன செ.மீ. ஆனது. கொள்ளளவு மாறினும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

பொறிக்கூடு மக்னீசியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டு, செங்குத்தாக இரு பாதிகளாகப் பிரியக்கூடியது. உருளைகள் வார்ப்பிரும்பால் ஆனவை. ஒவ்வொன்றும் தனித்தனியே கழற்றக்கூடியது. உருளைத்தலைகள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. பொறியின் மொத்த எடை மாதிரியைப் பொறுத்து ஏறத்தாழ 100 கிலோகிராம் ஆகும். வலுவான இருவர் தூக்கக்கூடிய எடை இது. வார்ப்பிரும்புக் கூடு கொண்ட, நீரால் குளிர்விக்கப்படும் பொறி ஒன்றை அவ்வாறு தூக்க முடியாது.

நீர்க்குளிர்விப்பு இல்லாததால் ரேடியேட்டர், நீர்க்குழாய்கள், நீரேற்றி ஆகியவை இல்லை. டைனமோவின் தண்டில் பொருத்தப்பட்ட விசிறி, தகட்டாலான ஒரு கூட்டின் வழியாக உருளைகளின் மீது காற்றைச் செலுத்துகிறது. எண்ணெயும் குளிர்விப்பில் கணிசமான பங்கு வகிக்கிறது. அதன் அளவு இரண்டரை லிட்டர் மட்டுமே.

பொறியானது வண்டியின் பின்கோடியில், பின்னச்சுக்கும் பின்னால் உள்ளது. கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒரே தொகுதியாகப் பொறிக்கு முன்னால் உள்ளன. பீட்டிலில் பொறிக்கெனத் தனித் தாங்கிகள் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்முகமான கிளட்ச் கூட்டுடன் நான்கு இணைப்புகளால் பிணைக்கப்பட்டு, அதன் முழு எடையும் அந்தரத்தில் தொங்குகிறது. இவற்றுள் மேல் இரண்டும் போல்ட்கள். கீழ் இரண்டும் பொறிக்கூட்டில் பதிக்கப்பட்ட மரையிட்ட தண்டுகளின் மேல் வரும் நட்கள். நான்கும் 10 மி.மீ. மரை கொண்டவை, அனைத்துக்கும் 17 மி.மீ. ஸ்பானரே போதும்.

கழற்ற வேண்டிய சூழல்கள்

எரிபற்றுச் சீரமைப்பு, கார்புரேட்டர், எரிநெய் ஏற்றி, அடைப்பிதழ் இடைவெளி ஆகிய வேலைகளுக்குப் பொறியை இறக்க வேண்டியதில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தாலோ, ஃபிளைவீல் எனப்படும் கனமான சுழல்சக்கரத்தின் பின்னுள்ள ஆயில் சீல் கசிந்தாலோ, உருளைத்தலையையோ உருளைகளையோ கழற்ற வேண்டியிருந்தாலோ இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டும்பொழுது, அது பொறியின் எண்ணெயா கியர்ப்பெட்டியின் எண்ணெயா என்பதை முதலில் அறிதல் நலம். கியர் எண்ணெய் தடிப்பானது. கந்தக நெடி உடையது. இரண்டாவதாயின் கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டைச் சுற்றியுள்ள சீலை மாற்ற வேண்டும். இரு சீல்களையும் அடைவதற்குப் பொறியை இறக்கியே ஆக வேண்டும் என்பதால், எது கசிந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுவதே வழக்கம்.

வண்டியைத் தூக்கி நிறுத்துதல்

பொறி மேல்நோக்கி அன்று, கீழ்நோக்கியே வெளியே வருகிறது. அது தரையில் இறங்கியபின், விசிறிக்கூட்டின் உச்சி பின்புறத் தகட்டைத் தாண்டி வெளியே வருமளவுக்கு வண்டியின் பின்பகுதி உயர்ந்திருக்க வேண்டும். இவ்வேலையில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய கட்டம் இதுவே.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். மண் தரையில் தாங்கிகளின் கால்கள் புதைந்துவிடும். கோடையில் தார்த்தரையிலும் அவ்வாறே. முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டைகள் செருகப்படுகின்றன. பின்சக்கரங்கள் உயர்த்தப்பட்டுவிடுமாதலால் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் கைத்தடுப்பினால் பயனில்லை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பின்னர் ஜாக்கியால் தூக்கி, பின்னச்சுக்கு முன்னால் குறுக்காகச் செல்லும் முறுக்குக்கம்பிக் குழாயின் அடியில் இருபுறமும் இரும்புத் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் கூடாது. செங்கல், பொள்ளலான சிமெண்டுக்கல் ஆகியவை முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை. அவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்துவதும் கூடாது. தாங்கிகள் வைத்தபின் வண்டியைப் பக்கவாட்டில் கையால் நன்கு அசைத்துப் பார்த்து, அது அசையாதிருந்தால் மட்டுமே அடியில் செல்லலாம்.

பொறியை இறக்கியவுடன் வண்டியின் பின்கோடியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை ஒரேயடியாக நீங்குகிறது. வண்டியின் மொத்த எடையே 800 கிலோகிராம் அளவில் தான் என்பதால் அதன் ஈர்ப்புமையம் குறிப்பிடத்தக்க அளவு முன்னே நகரும். தாங்கிகளை வைக்கும்பொழுதே இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உயரமான தாங்கிகள் கிடைக்காதவர்கள் வேறொரு முறையைக் கையாண்டனர். பொறியைத் தரையில் இறக்கியபின், நான்கைந்து பேர் பின்பம்பரைப் பிடித்து உடற்பகுதியைத் தூக்க, ஒருவர் பொறியைப் பின்னால் இழுத்துக்கொள்வார். பொறியில்லாத பீட்டிலின் பின்பகுதி அவ்வளவு இலேசானது. ஆயினும் பம்பர் துருப்பிடித்திருந்தால் இம்முறை ஆபத்தானது.

கழற்றும் முறை

முதல் வேலை மின்கலத்தின் புவி இணைப்பைக் கழற்றுவதாகும். மின்கலம் பின்னிருக்கையின் அடியில் உள்ளது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியில் எப்பொழுதும் மின்னழுத்தம் இருப்பதாலும், பெட்ரோல் குழாயைத் திறக்கவிருப்பதாலும், இந்த ஒரு செயலை ஒத்திப்போடுதல் ஆகாது. பின்னர் பொறியின் எண்ணெய் வடிக்கப்படுகிறது. பொறியைப் பிரிக்கும் எண்ணமில்லையெனில் வடிக்காமலும் இறக்கலாம்.

அடுத்து காற்று வடிகட்டி அகற்றப்படுகிறது. பழைய மாதிரிகளில் இதன் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும் என்பதால் சாய்க்காமல் எடுக்க வேண்டும். டைனமோ, எரிபற்றுச் சுருள், தானியங்கி மூச்சடைப்பான், எண்ணெய் அழுத்த உணரி ஆகியவற்றின் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எழுதி வைப்பது, மாட்டும்பொழுது அரைநாளை மிச்சப்படுத்தும்.

ஆக்சிலரேட்டர் கம்பி, விசிறிக்கூட்டை ஊடுருவும் ஒரு குழாயின் வழியாகக் கார்புரேட்டரை அடைகிறது. கார்புரேட்டரில் அதனைக் கழற்றுவது மட்டும் போதாது. கம்பியை முன்புறமாக முழுமையாக உருவிவிட வேண்டும். இல்லையேல் பொறி இறங்கும்பொழுது கம்பி மடிந்து கெட்டுவிடும். பின்னர்ப் பொறியறையின் பின்னோரத் தகட்டின் திருகுகள் நீக்கப்பட்டுத் தகடு எடுக்கப்படுகிறது.

எஞ்சியவை அடியிலிருந்து செய்யப்படுபவை. இருபுறமுள்ள வெப்பமாற்றிகளின் நெம்புகளிலிருந்து வெப்பக் கட்டுப்பாட்டுக் கம்பிகளும், வெப்பக்காற்றுக் குழல்களும் கழற்றப்படுகின்றன. பெட்ரோல் தொட்டி வண்டியின் முன்புறத்தில் உள்ளது. அங்கிருந்து வரும் உலோகக் குழாய், பொறியின் முன்னால் இடப்புறத்தில் ஓர் இரப்பர்க் குழலுடன் இணைகிறது. அக்குழலை இறுக்கிப் பிடித்து, உருவி, முனையைப் பொருத்தமான ஒரு போல்ட்டால் அடைத்துவிட வேண்டும். கிளட்சின் கம்பியைத் தொட வேண்டியதில்லை. அதன் நெம்பு கியர்ப்பெட்டியில் இருப்பதால் அது அங்கேயே தங்கிவிடும்.

இப்பொழுது பொறியின் அடியில் சக்கரங்கள் கொண்ட ஜாக்கியை நிறுத்தி, இடையில் ஒரு பலகையை வைத்து, பொறியின் எடையை அது ஏற்கத் தொடங்கும் வரை உயர்த்த வேண்டும். அதன் பின்னரே கீழ் நட்கள் இரண்டையும், பின் மேல் போல்ட்களையும் கழற்ற வேண்டும். மேல் இணைப்புகளுள் வலப்புறத்தது ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மேல் நட்கள் விசிறிக்கூட்டின் பின்னே மறைந்திருப்பதால் கண்ணால் காண இயலாது; கையைச் செலுத்தித் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் மேலே நட்டைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் அடியிலிருந்து போல்ட்டைத் திருப்புவது பழைய மாதிரிகளில் தவிர்க்க முடியாதது. இவ்வேலைக்கு இருவர் வேண்டும் என்று கையேடுகள் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கும் நீங்கியபின் பொறியை நேர்க்கோட்டில் பின்னோக்கி ஏறத்தாழ 10 செ.மீ. இழுக்க வேண்டும். கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு கிளட்ச் தட்டின் நடுத்துளையிலிருந்து முற்றிலும் வெளியேறும் வரை பொறியைச் சாய்க்கவோ இறக்கவோ கூடாது. பாதியில் இறக்கினால் பொறியின் எடை முழுவதும் அத்தண்டின் நுனியில் விழும். கிளட்ச் தட்டு வளைந்துவிடும். தண்டு விடுபட்டபின், ஒருவர் பொறி சாயாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஜாக்கியை மெல்ல இறக்குவார். பழகிய இருவர் இத்தனையையும் ஒரு மணி நேரத்திற்குள் முடிப்பர். முதன்முறை செய்பவருக்கு, அதிலும் துருவேறிய வண்டியாயின், ஒரு நாள் ஆகலாம்.

பொறி வெளியே உள்ளபொழுது செய்ய வேண்டியவை

பொறியை மீண்டும் இறக்க நேராதிருக்க வேண்டுமாயின், எளிதில் எட்டாத உறுப்புகள் அனைத்தையும் இப்பொழுதே பார்த்துவிட வேண்டும். செலவை மிச்சப்படுத்துவதற்காகச் சில சீல்களை விட்டுவைப்பது பெரும்பாலும் இருமடங்கு வேலையில் முடிகிறது.

கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, விடுவிப்புத் தாங்கி ஆகிய மூன்றும் ஒன்றாக மாற்றப்படுவது வழக்கம். 1971 மாதிரி முதல் விடுவிப்புத் தாங்கி ஒரு குழாயின் மேல் நகரும்படி அமைக்கப்பட்டது. அதற்குரிய அழுத்தத் தட்டின் நடுவில் வளையம் இராது. முந்திய வகைக்கு வளையம் தேவை. வண்டியின் ஆண்டை மட்டும் கூறிக் கடையில் வாங்கினால், கியர்ப்பெட்டி இடையில் மாற்றப்பட்ட வண்டிகளில் இது பொருந்தாமற் போகும். கழற்றிய உறுப்பைக் கையில் எடுத்துச் செல்வதே சரியான வழியாகும்.

ஃபிளைவீலை அதன் நடுவிலுள்ள ஒரே ஒரு பெரிய நட் பிடித்திருக்கிறது. இதற்கு 36 மி.மீ. அளவுள்ள ஸ்பானர் தேவை. ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கப்படுவதால், கழற்றுவதற்கு நீண்ட குழாயைச் செருகி நெம்புவர். ஃபிளைவீல் சுழலாதபடி அதனை நன்கு பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த நட்டின் உள்ளே ஓர் ஊசி உருளைத் தாங்கி உண்டு. உள்ளீட்டுத் தண்டின் நுனி அதனுள் சுழல்கிறது. அதில் சிறிதளவு கிரீஸ் இடப்படுகிறது.

ஃபிளைவீலின் பின்னால் மூன்று மெல்லிய வளையங்கள் உள்ளன. கிராங்க் தண்டு முன்னும் பின்னும் அசையும் அளவை இவை தீர்மானிக்கின்றன. அவ்வசைவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். மிகுந்திருப்பின், தடிப்பு வேறுபட்ட வளையங்களைத் தேர்ந்து சரிசெய்யலாம். எண்ணிக்கை மட்டும் எப்பொழுதும் மூன்றாகவே இருக்கும். அசைவு மிகுந்த பொறியில் புதிய ஆயில் சீல் போட்டாலும் அது நீடிப்பதில்லை. கையால் ஃபிளைவீலைத் தள்ளி இழுக்கும்பொழுது "டக்" என்ற ஓசை தெளிவாகக் கேட்டால், பொறியை முழுமையாகப் பிரிக்க வேண்டிய காலம் நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

வேறு பொறியை வாங்கி வைப்பவர்கள் ஃபிளைவீலின் அளவைக் கவனிக்க வேண்டும். 6 வோல்ட் மின்னமைப்புக் கொண்ட பழைய வண்டிகளின் ஃபிளைவீலில் 109 பற்களும், 12 வோல்ட் வண்டிகளில் 130 பற்களும் உள்ளன. 130 பல் ஃபிளைவீல் விட்டத்தில் பெரிதாதலால் பழைய கிளட்ச் கூட்டில் அடங்காது.

இவற்றுடன் எண்ணெய்க் குளிர்விப்பானின் சீல்கள், கிளட்ச் கூட்டில் ஸ்டார்ட்டர் தண்டைத் தாங்கும் சிறு புஷ் ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. எரிநெய் இரப்பர்க் குழல்கள் எந்நிலையில் இருந்தாலும் மாற்றப்பட வேண்டியவை.

மீண்டும் பொருத்துதல்

கிளட்ச் தட்டை அழுத்தத் தட்டுடன் சேர்த்து ஃபிளைவீலில் பூட்டும்பொழுது, தட்டின் நடுத்துளை ஊசி உருளைத் தாங்கிக்கு நேராக அமைய வேண்டும். இதற்கெனப் பழைய உள்ளீட்டுத் தண்டு ஒன்றையோ அதே வடிவில் விற்கப்படும் நெகிழிக் கருவியையோ செருகி வைத்து, போல்ட்களைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குவர். இந்நேர்மையில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பொறி உள்ளே செல்லாது. பொருத்தும்பொழுது ஏற்படும் இன்னல்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுவே.

பொறியை ஜாக்கியில் உயர்த்தும்பொழுது அதன் முகமும் கிளட்ச் கூட்டின் முகமும் இணையாக இருத்தல் வேண்டும். பொறி சற்றே சாய்ந்திருந்தாலும் உள்ளீட்டுத் தண்டு துளையில் சிக்கிக்கொள்ளும். இரு முகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மேலும் கீழும் இடமும் வலமும் சமமாக இருக்கிறதா எனப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆக்சிலரேட்டர் கம்பியை அதன் குழாயில் செருகிவிடுவது இக்கட்டத்திலேயே செய்யத்தக்கது. பின்னர் கை எட்டாது.

உள்ளீட்டுத் தண்டிலுள்ள நீள்வரிப் பற்கள் கிளட்ச் தட்டின் பற்களுடன் பொருந்தியாக வேண்டும். கியரைப் போட்டு வைத்தால் தண்டு தானே சுழலாது நிற்கும். அப்பொழுது பொறியின் பின்புறக் கப்பியை மெல்லத் திருப்பினால் ஏதோ ஓரிடத்தில் பற்கள் இணைந்து பொறி உள்ளே நழுவும். சரியாக இணைந்த பொறி, கையால் தள்ளியே முழுமையாக உள்ளே சென்று, இரு முகங்களும் இடைவெளியின்றிச் சேரும்.

சேரவில்லையெனில், எஞ்சிய இடைவெளியை நட்களை இறுக்கி மூட முயலக் கூடாது. நட்டின் விசை கிளட்ச் தட்டின் நடுப்பகுதியை நசுக்கும். சில வேளைகளில் கிளட்ச் கூட்டின் காதையே உடைக்கும். கியர்ப்பெட்டியின் உறை வார்ப்பு உடைந்தால், கிளட்ச் மாற்றத் தொடங்கிய வேலை கியர்ப்பெட்டியை மாற்றுவதில் முடியும். கை வலுவுக்கு இணங்காத பொறியை வெளியே இழுத்து, கிளட்ச் தட்டின் நேர்மையை மீண்டும் சரிபார்ப்பதே முறையாகும். சோர்ந்திருக்கும் மாலை வேளையில் இது எளிதான முடிவன்று. ஆயினும் அரைமணி நேரமே செலவாகும்.

முகங்கள் சேர்ந்தபின் மேல் நட்களை முதலில் இலேசாகவும், பின் கீழ் நட்களையும், இறுதியில் நான்கையும் சீராக 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கும் இறுக்க வேண்டும். நான்கும் இறுகிய பின்னரே ஜாக்கியை விலக்கலாம். கிளட்ச் மிதியின் வெற்றசைவு 10 முதல் 20 மி.மீ. இருக்குமாறு கம்பியின் முனையிலுள்ள இறக்கை நட்டால் சரிசெய்யப்படுகிறது.

தகடுகளும் குளிர்விப்பும்

பீட்டில் பொறியைச் சுற்றியுள்ள கறுப்புத் தகடுகள் அழகுக்காக வைக்கப்பட்டவை என்று கருதி, சிலர் அவற்றுள் சிலவற்றை மாட்டாமல் விட்டுவிடுவதுண்டு. இது பொறியை அழிக்கும் செயலாகும். இத்தகடுகள் பொறியறையை மேல், கீழ் என இரு பகுதிகளாகப் பிரிக்கின்றன. விசிறி மேற்பகுதியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்து உருளைகளின் மீது செலுத்துகிறது. சூடான காற்று கீழே வெளியேறுகிறது. தகடுகளுக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள இரப்பர்ப் பட்டை கிழிந்திருந்தாலோ, ஒரு தகடு விடுபட்டிருந்தாலோ, வெளியேறிய சூடான காற்றையே விசிறி திரும்ப உறிஞ்சும். வெப்பநிலைமானி இல்லாத வண்டியாதலால் ஓட்டுநருக்கு இது தெரிய வருவதில்லை.

காற்றோட்டத்தில் ஏற்படும் சிறு குறை எவ்வளவு விளைவை உண்டாக்கும் என்பதற்கு இப்பொறியின் மூன்றாம் உருளையே சான்று. 1970 வரையிலான மாதிரிகளில் எண்ணெய்க் குளிர்விப்பான் விசிறிக்கூட்டின் உள்ளே, இடப்புறம் முன்னால் உள்ள மூன்றாம் உருளைக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றது. அதனால் அவ்வுருளை மற்றவற்றை விடச் சூடாகி, அதன் வெளியேற்று அடைப்பிதழ் முன்னதாகவே பழுதடைந்து வந்தது. 1971 மாதிரியில் குளிர்விப்பான் அங்கிருந்து நகர்த்தப்பட்டு, தனிக் காற்றுவழி அளிக்கப்பட்டது.

தீயும் நச்சுவளியும்

காற்றால் குளிர்விக்கப்படும் வோக்ஸ்வாகன் வண்டிகளில் தீவிபத்துக்கு மிகவும் அறியப்பட்ட காரணம் பெட்ரோல் கசிவு ஆகும். வெப்பத்தால் காய்ந்து வெடித்த இரப்பர்க் குழல் ஒரு காரணம். கார்புரேட்டரில் அழுத்திச் செருகப்பட்டுள்ள பித்தளை நுழைகுழாய் காலப்போக்கில் தளர்ந்து கழன்றுவிடுவது மற்றொன்று. பொறியை மாட்டியபின் இவ்விரண்டையும் கையால் பற்றி அசைத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

பொறிக்கூடு மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனதாகையால் தீயின் தன்மை இங்கு வேறுபடுகிறது. பெட்ரோல் தீ நீடித்துக் கூடும் பற்றிக்கொண்டால் அது கண்ணைக் கூசும் வெண்ணிற ஒளியுடன் எரியும். எரியும் மக்னீசியத்தின் மீது நீரை ஊற்றினால் ஐதரசன் வெளிப்பட்டுத் தீ மேலும் மூளும். சாதாரணத் தீயணைப்பானால் அதனை அணைக்க இயலாது. உலோகத் தீக்குரிய தனி வகைத் தூள் தேவை. ஆகவே பெட்ரோல் எரியும் முதல் கட்டத்திலேயே உலர்தூள் அணைப்பானால் அணைத்துவிட வேண்டும். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உலோகம் பற்றிக்கொண்ட பின் விலகிச் செல்வதே செய்யக்கூடியது.

கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்து கார்பனோராக்சைடு வளியாகும். பீட்டிலில் பயணிகளுக்கான வெப்பக்காற்று, புகைக்குழாய்களைச் சுற்றியுள்ள வெப்பமாற்றிகளின் வழியாகவே வருகிறது. வெப்பமாற்றியின் உட்குழாய் துருவேறித் துளைபட்டிருந்தாலோ, உருளைத்தலையுடன் அது சேருமிடத்தில் பழைய கேஸ்கட்டையே மீண்டும் வைத்திருந்தாலோ, கழிவுவளி நேரே வண்டியின் உள்ளே நுழையும். கார்பனோராக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் சோர்வுமே முதல் அறிகுறிகள். ஓட்டுநர் அவற்றைப் பயணக் களைப்பு என்று எண்ணிவிடக்கூடும். குளிர்நாடுகளில் சாளரங்களை மூடி வெப்பக்காற்றைத் திறந்து ஓட்டுவர் என்பதால் அங்கு இதன் ஆபத்து மிகுதி. பொறி வெளியே உள்ளபொழுது வெப்பமாற்றிகளை ஆராய்வதும், புதிய கேஸ்கட்டுகளையே பயன்படுத்துவதும் கட்டாயமாகும். மூடிய கொட்டகைக்குள் பொறியை ஓட்டிப் பார்த்தலும் இதே காரணத்தால் கூடாது.

முதல் ஓட்டம்

எண்ணெய் ஊற்றி, விசிறிப் பட்டையைப் பூட்டி, மின்கலத்தை இறுதியாக இணைத்தபின், எரிபற்றுச் சுருளின் இணைப்பை நீக்கிவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் பொறியைச் சுழற்ற வேண்டும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்தால் எண்ணெய் உரிய இடங்களை அடைந்துவிட்டதாகக் கொள்ளலாம். அதன்பின் சுருளை இணைத்துப் பொறி ஓட்டப்படுகிறது. தொடங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் கசிவு. அடுத்து எண்ணெய்க் கசிவு.

பொறி பிரித்துக் கோக்கப்பட்டிருந்தால் அடைப்பிதழ் இடைவெளியைச் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும். பிற்கால மாதிரிகளில் இவ்விடைவெளி 0.15 மி.மீ.; பொறி முற்றிலும் குளிர்ந்த நிலையிலேயே அளக்கப்படுகிறது. அத்துடன் எண்ணெயும் மாற்றப்பட்டு, அடியிலுள்ள கம்பிவலை வடிகட்டி கழுவப்படுகிறது. அதில் பளபளக்கும் உலோகத் துகள்கள் காணப்பட்டால் வண்டியை மேலும் ஓட்டுதல் ஆகாது.

வேறு பொறி வைக்கப்பட்டிருப்பின் பொறி எண்ணும் மாறுகிறது. இந்தியா போன்று, பதிவுச் சான்றில் பொறி எண்ணும் இடம்பெறும் நாடுகளில் இதனைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிற வாகனங்கள்

இதே பொறி வோக்ஸ்வாகனின் வகை 2 எனப்படும் சிறு பேருந்திலும் பயன்பட்டது. 1968 மாதிரி முதல் அவ்வண்டியில் பொறியின் பின்முனையைத் தாங்க ஒரு குறுக்குச்சட்டம் சேர்க்கப்பட்டதால் கழற்றும் முறை சற்று வேறுபடும். பிரேசிலில் கோம்பி என்ற பெயரில் உருவாக்கப்பட்ட அவ்வண்டியில் 2005 இறுதி வரை காற்றால் குளிர்விக்கப்படும் பொறி தொடர்ந்தது.

பொறி முன்புறம் குறுக்காக அமைந்த இக்காலத் தானுந்துகளில் நிலைமை வேறு. பல வண்டிகளில் பொறியும் கியர்ப்பெட்டியும் ஒன்றாகவே வெளியே வருகின்றன. குளிர்விப்பு நீர், குளிரூட்டியின் அழுத்த வளி, உயரழுத்த எரிநெய்க் குழாய், பல்முனை மின்னிணைப்புகள் ஆகியவற்றைப் பிரித்தாக வேண்டும். குளிரூட்டி வளியைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமாதலால், அதனை உறிஞ்சி எடுப்பதற்காவது வண்டி பட்டறைக்குச் சென்றாக வேண்டியுள்ளது.